அது கெட்ட நீர் இல்லை, தயவுசெய்து உருவாதீர்கள்

போன மாதம் திருப்பாப்புலியூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வலது மார்பில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. ரவிக்கையின் வலது கைத் தையலைப் பிரித்து, இடையில் வேறு துணியை வைத்து அகலமாக்கித் தைத்திருந்தார். கை அந்த அளவுக்கு வீங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே தோல் செக்கச்செவேலென்று இருந்தது, தொட்டால் சுட்டது. முந்தின நாள் இரவு குளிர் ஜுரம் வேறு. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஊரில் சுளுக்கு வழிக்கிற பெரியவர் ஒருவர் ஐந்து நாளாக எண்ணெயைச் சூடாக்கித் தடவி, தோளிலிருந்து விரல் நுனி வரை அழுத்தி உருவி விட்டிருக்கிறார். "கெட்ட நீர் சேர்ந்துடுச்சு மேடம், எறக்கிவிட்டா சரியாயிடும்னு சொன்னாங்க" என்றார்.

அன்றைக்கு அந்தக் கையில் நான் எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை. தோலுக்கடியில் கிருமித் தொற்று ஏறியிருந்தது. நேராக மருத்துவரிடம் அனுப்பினேன். ஒரே மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள். நான் பிசியோதெரபிஸ்ட். புதுச்சேரியில் வேலை. பாகூர், கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்தும் கை வீக்கம், கால் வீக்கம் என்று ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் 'கெட்ட நீர்' விஷயத்துக்கு வருகிறேன்.

நம் உடம்பில் கெட்ட நீர் என்று ஒன்று தனியாகச் சுரப்பதில்லை. ரத்தத்திலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போகும் நீரில் ஒரு பங்கு நேராக ரத்தக் குழாய்க்குத் திரும்பாது. இதற்குப் பெயர் நிணநீர். அதில் புரதம் இருக்கும், கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் இருக்கும். தோலுக்கு அடியில் மயிரிழை போன்ற குழாய்கள் அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகின்றன. வழியில் அக்குள், தொடையிடுக்கு, கழுத்து என்று ஆங்காங்கே உள்ள கணுக்களில் அது சலித்தெடுக்கப்படும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கடைசியில் கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரையில் அந்த நீர் மறுபடி ரத்தத்தோடு கலந்துவிடும். இது தினமும் நடக்கிறது, லிட்டர் கணக்கில் நடக்கிறது. ஆக, வீங்கிய கையில் நிற்பது உங்கள் ரத்தத்திலிருந்து வந்த நீர்தான். மார்புப் புற்றுநோய் அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்துவிட்டால் அது வீட்டுக்குத் திரும்பும் வழி அடைபடும், அதனால் நடுவழியில் நிற்கிறது.

விரல் நுனி நோக்கி உருவினால் அது எங்கே போகும்? விரலில் ஓட்டையா இருக்கிறது? தண்ணீர் திரும்ப வேண்டியது கழுத்துக்கு. நீங்கள் தள்ளுவது நேர் எதிர்த் திசையில். மறுநாள் காலையில் புறங்கை இட்லி போல உப்பியிருந்தால் 'இன்னும் கெட்ட நீர் இறங்கவில்லை' என்று இரண்டு மடங்கு அழுத்துகிறார்கள். எனக்குப் பொறுக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் மழையைத்தான் சொல்வேன். 2024 ஃபெஞ்சல் புயலில் ரெயின்போ நகரில் தண்ணீர் நின்றதே, அப்போது வாசலில் நின்று துடைப்பத்தால் தள்ளியவர்களுக்குத் தெரியும், தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது. கீழே வாய்க்கால் வாங்கினால்தான் தெருவில் தண்ணீர் வடியும். இந்த நீரை வடியவைக்க நாங்கள் செய்கிற நிணநீர் வடிகால் மசாஜும் இப்படித்தான். கை வீக்கம் என்று வருபவருக்கு நான் கையைத் தொடவே கால்மணி நேரம் ஆகும். முதலில் வயிறு உப்பும்படி நாலைந்து முறை ஆழ்ந்து மூச்சு விடச் சொல்வேன். அடுத்து காறை எலும்புக்கு மேலே உள்ள குழி. அப்புறம் நல்ல பக்கத்து அக்குள். பிறகு நெஞ்சின் குறுக்கே, கெட்ட பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்கு வழி திறப்பது. அதன் பிறகுதான் தோள்பட்டை, மேற்கை, முழங்கை, கடைசியாக விரல். அங்கிருந்து மறுபடி மேல்நோக்கி. "மேடம், வீக்கம் கையிலதான்" என்று பாதிப்பேர் நடுவில் ஞாபகப்படுத்துவார்கள். தெரியும் அம்மா, தெரிந்துதான் செய்கிறேன்.

அடுத்தது அழுத்தம். மசாஜ் என்றாலே எலும்பு வரை இறங்க வேண்டும், வலிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சுளுக்குக்கு அது பொருந்தலாம். நிணநீர்க் குழாயின் தொடக்கம் தோலுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அழுத்தினால் அது நசுங்கி மூடிக்கொள்ளும். எண்ணெயும் வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும் கையால் தோலை நகர்த்த முடியாது. காய்ச்சிய பால் ஆறியதும் மேலே ஏடு படியுமே, அந்த ஏட்டின் மேல் விரலை வைத்துக் கிழியாமல் லேசாக ஒரு பக்கம் நகர்த்திப் பாருங்கள். அவ்வளவுதான் அழுத்தம். தோல் ஒரு சிறு வட்டத்தில் இழுபட வேண்டும், பிறகு விட்டுவிட வேண்டும், அது தானாகத் திரும்ப வேண்டும். கையெடுத்த பிறகு தோல் சிவந்திருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். 'இவ்வளவு மெதுவாகத் தடவ நானூறு ரூபாயா' என்று வெளியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும்.

இந்த முறையை உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் என்ற தம்பதி. 1930-களில் பிரான்சின் கான் நகரில் வேலை பார்த்தபோது தொடங்கி, 1936-ல் பாரிசில் வெளியிட்டார்கள். பிறகு ஜெர்மனியில் மைக்கேல் ஃபோல்டி என்ற மருத்துவர் இதோடு கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் இணைத்து ஒரே சிகிச்சையாக்கினார். அந்த மூன்றும் இல்லாத வெறும் மசாஜ் அரைக்கிணறு தாண்டிய கதை. மசாஜில் இறங்கிய வீக்கம், கட்டு போடாவிட்டால் சீக்கிரமே திரும்பிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கம் பற்றி 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் இதையொட்டித்தான் சொல்கிறது: கட்டுதான் அடிப்படை. அதோடு மசாஜும் சேர்ந்தால், லேசான அல்லது மிதமான வீக்கம் உள்ளவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கலாம். இதைச் சொல்வதால் என் வேலைக்கு ஒன்றும் குறைவில்லை.

கட்டு என்றதும் மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி, முழங்கைக்கு மேலே இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கிரேப் ரப்பர் மாதிரி நீளும், சும்மா இருக்கும்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் போடுவது அதிகம் நீளாத வகை. கையை அசைக்கும்போது மட்டும் தசைக்கு எதிர்ச்சுவர் போல நின்று நீரை மேலே தள்ளும். விரல் பக்கம் இறுக்கம் அதிகம், தோள் பக்கம் போகப்போகக் குறைவு. தலைகீழாகக் கட்டினால் கையைக் கயிற்றால் கட்டிய மாதிரிதான். ஒருமுறையாவது கற்றவரிடம் பார்த்துத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். வீக்கம் குறைந்து நிலைப்பட்ட பிறகு, கையை அழுத்திப் பிடிக்கிற உறையை அளவெடுத்து வாங்கலாம். நம் ஊர் மே மாத வெயிலில் உறையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பது கொடுமை என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் வீக்கம் குறைவாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். மாற்றிப் போட இரண்டு வைத்துக்கொண்டால் தினம் துவைக்கலாம்.

இப்போது கால். கடலூர், புதுச்சேரிப் பக்கம் கால் வீக்கம் என்றால் பெரியவர்களுக்கு முதலில் நினைவு வருவது யானைக்கால். இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப்போவார்கள், பலருக்கு ஞாபகம் இருக்கும். யானைக்கால் வருவது நிணநீர்க் குழாய்க்குள் தங்கும் ஒரு புழுவால். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும், அதனால்தான் அந்த நேரம். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்த நோயையும் இதைப் பரப்பும் கொசுவையும் பற்றி எத்தனையோ வேலை செய்திருக்கிறது. மாத்திரை புழுவைக் குறைக்கும், பரவுவதைத் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே வீங்கி, தோல் தடித்துவிட்ட கால் மாத்திரையால் மட்டும் பழையபடி ஆகாது. அங்கே மசாஜை விடப் பெரிய மருந்து சோப்பும் தண்ணீரும்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் குளிர் ஜுரமும் சிவப்பும், விரல் இடுக்கு வெடிப்பில் கிருமி நுழைவதால் வருபவை. ஒவ்வொரு முறை ஜுரம் வந்து போகும்போதும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும்.

வயலில் வேலை செய்கிற ஒரு அம்மாவின் காலைக் கழுவிக் காட்டியபோது பார்த்தேன், நான்காவது, ஐந்தாவது விரல் இடுக்கில் சேற்றுப்புண் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, "நடவு நேரத்துல எல்லாருக்கும் இருக்கும்" என்றார். சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி, பழைய பருத்தித் துணியைக் கிழித்து ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து ஒற்றி எடுத்து, மருத்துவர் கொடுத்த பூஞ்சைக் களிம்பைத் தடவ வேண்டும். தேய்க்கக் கூடாது. கால்மணி நேர வேலை. தினம் இரண்டு வேளை இதை ஒழுங்காகச் செய்தவருக்கு அந்த வருடம் ஜுரம் ஒருமுறைதான் வந்தது. முந்தின வருடம் ஐந்து முறை.

வீங்கிய காலெல்லாம் நிணநீர் வீக்கம் இல்லை, இதையும் தயவுசெய்து காதில் வாங்குங்கள். ஒரே காலில் திடீரென்று வீக்கம், ஆடுசதையில் வலி, அதற்கு முன் நீண்ட பயணம் அல்லது படுக்கை என்றால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை உருவினால் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. முதலில் ஸ்கேன். மூச்சும் திணறினால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவருக்குக் கால் நீரையெல்லாம் மேலே தள்ளிவிட்டால் அந்தப் பாரத்தை யார் சுமப்பது? ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் மசாஜ் பேச்சே வேண்டாம், அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு சிவந்து சுடுகிற கை கால், சிகிச்சை தொடங்காத புற்றுநோய் இவற்றிலும் கை வைக்கக் கூடாது.

கால் விஷயத்தில் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு அடையாளம் உண்டு. கட்டை விரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதியில், மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாக வந்தால் ஓரளவு நிம்மதி. தடித்துப்போய்க் கிள்ளவே முடியவில்லை என்றால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம், காட்டிவிடுங்கள்.

ஸ்பாக்களில் முகம் ஒல்லியாகும், எடை குறையும், உடம்பிலுள்ள நச்சு எல்லாம் வெளியேறும் என்று இதே பெயரில் விற்கிறார்கள். முக வீக்கம் கொஞ்ச நேரத்துக்கு வடியும், உண்மைதான். கொழுப்பு கரையாது. கழிவை வெளியேற்ற சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அக்குள் கணுக்களை எடுத்த அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீக்கம் அறுவை முடிந்த மாதமே வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். அந்தக் கையில் சின்னக் காயமும் வேண்டாம். சங்கரா, வவ்வால் மீன் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், அந்த முள் குத்தல்தான் பலருக்குத் தொடக்கம். ஊசியும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தவரை மறு கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான வளையல் வேண்டாம். கையை அசைக்காமல் பொத்திப் பொத்தியும் வைக்காதீர்கள், தசை அசைந்தால்தான் நீர் நகரும். வீட்டில் தையல் டேப் இருக்குமே, மணிக்கட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே ஒரு அளவு, முழங்கைக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் ஒரு அளவு, இரண்டு கையிலும் எடுத்து மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் உடனே வாருங்கள். வீக்கம் மென்மையாக, அமுக்கினால் குழி விழுகிற நிலையில் வந்தவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டு வருடம் பொறுத்து, கல்லுப் போல இறுகிய பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

திருப்பாப்புலியூர் அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துத் தொற்று முழுதாக அடங்கியதும் சிகிச்சை தொடங்கினோம். மூன்று வாரம், வாரத்தில் ஐந்து நாள், பஸ் ஏறி வந்தார். உருவி விட்ட பெரியவரும் ஒருநாள் அவரோடு வந்தார். நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார், முகத்தில் அவ்வளவு வருத்தம். அவருடைய உள்ளங்கையை என் புறங்கையில் வைத்து, எவ்வளவு அழுத்தம் என்று காட்டினேன். ஒற்றைக் கால் வீக்கத்தோடு யார் வந்தாலும் தொடாமல் மருத்துவரிடம் அனுப்பச் சொன்னேன். சரி என்றிருக்கிறார்.

கடைசி நாள் அளந்தபோது முழங்கைக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இனி உறை போட வேண்டும், பயிற்சியை விடக் கூடாது, முழுவதும் போய்விடாது என்றெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பச்சை ரவிக்கையை எடுத்துக் காட்டினார். தங்கை மகள் கல்யாணத்துக்குத் தைத்தது, கை ஏறாததால் ஒருமுறைகூடப் போடவில்லையாம். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கொக்கி எல்லாம் மாட்டியிருந்தது, கை கொஞ்சம் இறுக்கம். "இந்த ஒரு தையலை மட்டும் பிரிச்சுக்கறேன் மேடம்" என்றார். பிரித்துவிடுங்கள், இறுக்கமே கூடாது என்றேன்.