புதுக் கைக்கு எதற்கு ஜீப்?

போன கிழமை திருகோணமலைக் கோட்டை வாசலில் ஒரு ஜீப் சிக்கி நின்றது. கோணேசர் கோயிலுக்குப் போக வந்த ஏழு பேர் உள்ளே. ஸ்டியரிங்கில் இருந்த தம்பிக்கு இருபது வயது, கனடாவில் லைசன்ஸ் எடுத்து எட்டு மாதம். இடது பக்கக் கதவுகள் கல்லில் உரசிவிட்டன, கண்ணாடி வயரில் தொங்கியது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க அவன் கை நடுங்கியது. கடைசியில் நான் ஏறித்தான் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தேன். இந்த விடுமுறையில் நான் இப்படிப் பார்த்த நாலாவது வாகனம் அது.

திருகோணமலையில் பதினேழு வருடமாகக் கார் பழக்குகிறேன். அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை. "பெரிய வாகனம் எடுத்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்று சொல்லி அதை எடுத்துக்கொடுத்த பெரியவர்களில்தான் கோபம்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மோதிய பிறகு கனமான வாகனம் உள்ளே இருப்பவர்களைக் கொஞ்சம் காக்கும், சரி. புதிதாக ஓட்டுகிறவருக்கு முதல் தேவை மோதாமல் இருப்பது. அதற்கு வாகனத்தின் நான்கு மூலையும் எங்கே முடிகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். உயர்ந்த பொனட்டுக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி நின்றால் தெரியாது, ஒரு சின்னப் பிள்ளை நின்றாலும் தெரியாது. நிலாவெளிப் பக்கம் இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும், டவுனுக்குள் மான் குறுக்கே வரும். அப்போது பதறி ஸ்டியரிங்கை வெட்டினால், உயரமான வாகனம் சின்னக் காரைவிடச் சுலபமாகப் பிரளும். ஓரத்து மணலில் சில்லு இறங்கினால் இன்னும் மோசம்.

கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே வாகனம் வலப்பக்கம் போகும், சாரதி இடது சீட்டில் இருப்பார். இங்கே வலது சீட்டில் இருந்துகொண்டும் பழைய பழக்கத்தில் தங்கள் உடம்பை ஓடும் பாதையின் இடது பாதியிலேயே வைக்கப் பார்ப்பார்கள். வாகனம் தானாக இடப்பக்கம் ஒதுங்கிவிடும். அதனால்தான் இவர்கள் ஓட்டித் திருப்பிக் கொடுக்கும் கார்களில் இடது கண்ணாடியும் இடது ரிம்மும் அடிவாங்கியிருக்கும். அகலமான வாகனம் என்றால் அந்தத் தவறுக்கு இடமே மிஞ்சாது.

ஆகவே ஓல்டோ, வேகன் ஆர், விட்ஸ் மாதிரிச் சின்னக் கார் எடுங்கள். ஓட்டோ கியர் எடுங்கள், இடது கையால் கியர் மாற்றப் பழகும் வேலை மிச்சம். பின் கமரா இருந்தால் நல்லது. இங்கே ஓடும் ஜப்பான் கார்களில் சிக்னல் வலக்கையில், வைப்பர் இடக்கையில். முதல் நாள் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடும், பதறவேண்டாம். பிரியஸ் தந்தால் அதன் கியரையும் காலால் அழுத்தும் பார்க்கிங் பிறேக்கையும் முற்றத்திலேயே பத்துத் தரம் போட்டுப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் போக வேண்டுமா? சாரதியோடு வான் பிடியுங்கள்.

பத்திரங்களில் சோம்பல் வேண்டாம். வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். 2025 முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள். "தெரிந்த பெடியனின் கார், மலிவு" என்று யாரும் தந்தால் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைக்குக் கொடுத்த காருக்குக் கை விரித்துவிடலாம். சாவி வாங்கும் முன் காரைச் சுற்றி, ஸ்பெயார் ரயர் உட்பட, போனில் வீடியோ எடுங்கள். இரண்டே நிமிட வேலை.

அப்புறம், விமானம் இறங்கிய கையோடு திருகோணமலைக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேல். நித்திரையில்லாத கண், பழக்கமில்லாத பக்கம், பொழுதுபட்டால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை. ரயிலில் வாருங்கள், இல்லையென்றால் சாரதியோடு வாருங்கள். ஒரு இரவு நன்றாகத் தூங்கிவிட்டு இங்கேயே கார் எடுங்கள்.

மாமாமாரே, சித்தப்பாமாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளை "எனக்கு ஓடத் தெரியும்" என்று சொல்லும். தெரியும்தான், அந்த ஊர் வீதியில். முதல் காலையில் ஆறு மணிக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் கூட்டிப்போய் அரை மணி நேரம் பக்கத்தில் இருங்கள். இடது சில்லு எங்கே இருக்கிறது என்று அடிக்கடி கேளுங்கள். சரியாகச் சொல்லும் வரைக்கும் வீட்டில் உள்ளவர்களை ஏற்ற வேண்டாம்.