ஆர்க்கிடெக்ட்: பெருந்தச்சனா, கட்டடக் கலைஞரா?

போன வருடம் சித்தப்பா, வேளச்சேரிப் பக்கம் தமக்கிருந்த ஒரு கிரவுண்டு மனையில் ஃபிளாட் கட்டி விற்கலாம் என்று இறங்கினார். "ஆர்க்கிடெக்ட் எதுக்குடா? இன்ஜினியரே பிளான் போட்டுக் குடுத்துட்டாரு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆர்க்கிடெக்ட் என்றால் முகப்பை அழகாக்கித் தருகிறவர் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். நாம் வைத்த தமிழ்ப் பெயருக்கும் இதில் பங்கு உண்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. 'ஆர்க்கி' என்றால் தலைமை. 'டெக்டோன்' என்றால் தச்சன், கட்டுபவன். இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. மரம் செதுக்குபவனைக் குறிக்கும் வடமொழித் 'தக்ஷன்' இந்த டெக்டோனுக்கு உடன்பிறப்பு. நம் 'தச்சன்' அதிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பார்கள் மொழியியலார். 'தை' என்ற தமிழ் வினையிலிருந்தே பிறந்தது என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும், ஆர்க்கிடெக்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிடைப்பது 'பெருந்தச்சன்'. இதைப் புதிதாக ஆக்கவும் வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே 'குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன்' இருக்கிறார்.

ஆனால் இன்று தச்சன் என்றால் கதவு, ஜன்னல் செய்பவர். பொருள் சுருங்கிவிட்டது. அதனால் பாடநூலும் செய்தித்தாளும் 'கட்டடக் கலைஞர்' என்று எழுதுகின்றன. (கட்டிடம் அல்ல, கட்டடம். கட்டுகின்ற இடம் கட்டிடம், கட்டி எழுப்பியது கட்டடம் என்று எங்கள் தமிழையா பிரம்போடு சொல்லிக்கொடுத்தார்.) வழக்கில் நிலைத்துவிட்ட நல்ல சொல்தான். ஆனால் 'கலைஞர்' என்றதும் அலங்காரம் முன்னால் வந்து நிற்கிறது, கணக்கு பின்னால் போய்விடுகிறது.

நெடுநல்வாடை வேறொரு சொல்லைத் தருகிறது. இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் திசை குறித்து, 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு' அரசனுக்கு ஏற்ப 'மனை வகுத்து' வைக்கிறார்கள். சுவர் எழும்புமுன் கயிற்றால் நடக்கும் வேலை அது. 'வகுத்தல்': ஆர்க்கிடெக்டின் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான வினை தெரியவில்லை. ஆசைக்குக் கேட்டால், 'மனை வகுப்பாளர்' என்பேன்.

முதலீட்டில் பணம் நிற்பதும் போவதும் இந்த வகுத்தலில்தான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், அதிக உயரமில்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. எல்லாத் தளமும் சேர்த்து மனையைப் போல் இரண்டு மடங்கு, ஆக 4,800 சதுர அடி கட்டலாம். படிக்கட்டு, லிஃப்ட், நடைவழிக்கு அதில் 25 விழுக்காடு போனால் வீடுகளுக்கு மிஞ்சுவது 3,600. வகுப்பதில் கெட்டிக்காரர் அதை 18 விழுக்காட்டில் அடக்கினால் 3,936. வித்தியாசம் 336 சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 27 லட்சம். சித்தப்பாவின் பிளானில் படிக்கட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு தளத்திலும் அதைச் சுற்றிவர ஒரு நடைவழி. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் வீட்டின் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பை, தனியே சொல்லித்தான் விற்க வேண்டும். பொது இடங்களையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் என்ற போர்வைக்குள் நடைவழியை ஒளிக்க வழியில்லை.

சட்டத்திலும் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லுக்குத் தனிக் காவல் உண்டு. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்டுகள் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது. காவல் பட்டத்துக்குத்தான், தொழிலுக்கு அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே சித்தப்பாவின் இன்ஜினியர் பிளான் போட்டதை இந்தச் சட்டம் தடுக்காது. ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டினால்தான் சிக்கல்.

இன்னொன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டிய திட்டம் என்றால், வாங்குபவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். வேலை எந்த அளவுக்கு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்கே எடுக்கலாம். அதற்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தர வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தால் இந்தப் பதிவு தேவையில்லை. சித்தப்பா தப்பித்தார்.

கடைசியில் ஓர் ஆர்க்கிடெக்டிடம் போனோம். படிக்கட்டு வடக்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வரைபடத்தின் கீழே இருந்த முத்திரையைச் சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். 'சி.ஏ.' என்று தொடங்கி, ஒரு சாய்கோடு, ஓர் ஆண்டு, இன்னொரு சாய்கோடு, ஓர் எண். கவுன்சில் தரும் பதிவெண் அப்படித்தான் இருக்கும்.

"ஏன்டா, படம் போட்டவரு ஆடிட்டரா?" என்றார்.