கன்விக்‌ஷன் – குற்றத்தீர்ப்பு: சொல் விளக்கம்

‘குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவர்.’ அமெரிக்க நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் படிப்பவர்களுக்குப் பழகிப்போன வரி இது. மூலத்தில் இருக்கும் சொல் ‘கன்விக்‌ஷன்’. அதைத் தண்டனை என்று எழுதினால் வழக்கே வேறாகிவிடுகிறது. இந்தப் பிழை என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

லத்தீனில் ‘வின்கெரே’ என்றால் வெல்லுதல். ‘கோன்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘கோன்வின்கெரே’ ஆகும்போது, முழுக்க வெல்லுதல், வாதத்தில் மறுக்க முடியாதபடி ஒருவர் தவறை நிறுவுதல் என்று பொருள். ‘விக்டரி’யும் ‘கன்வின்ஸ்’ஸும் இதே வேரில் வந்தவைதான். ஆங்கிலத்தில் கன்விக்‌ஷனுக்கு அசையாத நம்பிக்கை என்ற பொருளும் இருப்பது இதனால்தான். நீதிமன்றத்தில் அதன் பொருள்: இவர் குற்றம் செய்தவர் என்று முடிவாகிவிட்டது. சரி, அதற்கு என்ன கொடுப்பது? அது அடுத்த படி. அதன் பெயர் ‘சென்டன்ஸ்’. தண்டனை என்ற சொல் அதற்கே உரியது.

கன்விக்‌ஷனுக்குச் சட்டத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: குற்றத்தீர்ப்பு. இலங்கைச் சட்டங்களின் தமிழ் வடிவைப் புரட்டியவர்களுக்கு ‘குற்றத்தீர்ப்பின் மேல்’ என்ற தொடர் மனப்பாடமாகவே ஆகியிருக்கும். குற்றம், தீர்ப்பு இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். ‘பிரையர் கன்விக்‌ஷன்’ என்றால் முந்தைய குற்றத்தீர்ப்பு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு டெக்சாஸ் மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முதல் முறை குடித்துவிட்டு ஓட்டினால் பொதுவாகச் சிறுகுற்றம். முன்பே இரண்டு குற்றத்தீர்ப்புகள் இருந்தால் மூன்றாவது முறை ஓட்டியது பெருங்குற்றமாகிவிடும்: 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். அந்த இரண்டு பழைய தீர்ப்புகளும் குற்றத்தின் உறுப்புகளாகவே கருதப்படுகின்றன. அதனால் அன்றிரவு குடித்திருந்தார் என்பதைப் போலவே அவற்றையும் ஜூரியின் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவின்) முன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கைதானது போதாது, வழக்குப் பதிவானதும் போதாது. அதே நேரம், ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டிருந்தாலும், 1994 செப்டம்பர் 1 முதல் வந்த தீர்ப்பென்றால் அது கணக்கில் வரும். சிறைவாசலையே மிதிக்காத அவரை ‘தண்டனை பெற்றவர்’ என்று எழுதினால், படிப்பவர் எதை நினைத்துக்கொள்வார்?

எப்படி நிரூபிக்கிறார்கள்? இரண்டு விஷயம் வேண்டும் என்று அம்மாநிலக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் ஃப்ளவர்ஸ் வழக்கில் சொன்னது: அப்படியொரு குற்றத்தீர்ப்பு இருக்கிறது, அதற்குரியவர் இதோ நிற்கும் இவர்தான். முதலாவது பெரும்பாலும் சான்றிட்ட நகலோடு முடிந்துவிடும். இரண்டாவதில்தான் சிக்கல். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள், எனவே பெயர் மட்டும் ஒத்துப்போனால் பயனில்லை. இங்கே கைகொடுப்பது பெருவிரல். சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தில் தீர்ப்பானவரின் வலது பெருவிரலை மையில் உருட்டி, தீர்ப்புத் தாளிலோ வழக்குப் பதிவேட்டிலோ பதிய வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். பல ஆண்டு கழித்து ரேகை நிபுணர் புதிதாக ஒரு பதிவு எடுத்து, மங்கிய பழைய ரேகையோடு ஒப்பிட்டு ஜூரியிடம் சாட்சி சொல்வார். ரேகை தெளிவில்லை என்றால் பிறந்த தேதி, ஓட்டுநர் உரிமப் பதிவு, புகைப்படம் என்று துண்டு துண்டாகச் சேர்த்தும் காட்டலாம்.

ஜூரி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு லத்தீன் வினை இருக்கிறது: ‘யூராரே’, சத்தியம் செய்தல். சத்தியம் செய்து அமர்ந்த அந்தப் பன்னிரண்டு பேரை இலங்கைத் தமிழ் ‘யூரர்’ என்கிறது. ‘இவன் பழைய குடிகாரன்’ என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஏறிவிட்டால் இன்றைய வழக்கை யார் நியாயமாகப் பார்ப்பார்? இந்தக் கவலைக்கு 2000-இல் டாமெஸ் வழக்கில் ஒரு வழி பிறந்தது. இரண்டு தீர்ப்புகளையும் பிரதிவாதி ஒப்புக்கொண்டால், அவற்றைப் பற்றிய சாட்சியத்தை அரசுத் தரப்பு ஜூரியிடம் விரிக்கக் கூடாது. குற்றச்சாட்டைப் படிக்கும்போதும் சட்டத்துக்குத் தேவையான இரண்டைத் தாண்டிச் சொல்லக் கூடாது.

ஜூரி இல்லாத இந்தியாவிலும் இதே சிந்தனை உண்டு. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 298-ஆவது பிரிவு, முந்தைய குற்றத்தீர்ப்பைக் காட்ட நீதிமன்றப் பதிவின் சான்றிட்ட நகலோ சிறை அதிகாரியின் சான்றிதழோ போதும் என்றது. ஆனால் ஆள் அவர்தான் என்பதற்குத் தனிச் சாட்சியம் கேட்டது.

அப்புறம், அந்த முதல் வரியை எப்படி எழுதலாம்? ‘குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஏற்கெனவே இரண்டு குற்றத்தீர்ப்புகள் உள்ளவர்.’ சிறைக்கும் போயிருந்தால் அதைத் தனியாக இன்னொரு வரியில் எழுதிவிடலாம்.