புதிதாக வந்த நாயைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

"வந்த அன்னைக்கு அவ்வளவு சமத்தா இருந்துச்சு டாக்டர், இப்போ இப்படி மாறிடுச்சு!" தத்தெடுத்த நாய் பிள்ளையின் கையைக் கவ்விவிட்டது என்று இந்த வாரமும் ஒரு குடும்பம் வந்து நின்றது. நாய் மாறவே இல்லை. வந்த அன்று அது பயத்தில் உறைந்து கிடந்தது. அதைத்தான் சமத்து என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதை எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏற மாட்டேன் என்கிறது. மூலையில் அசையாமல் படுத்திருப்பதும், தூக்கினால் முரண்டு பிடிக்காததும் நல்ல குணத்துக்கு அத்தாட்சி கிடையாது. உற்றுப் பாருங்கள். எதிரே சாப்பாடு இல்லாதபோதும் உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வெள்ளைவிழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும். நீங்கள் எடுக்கிற செல்ஃபியிலேயே இத்தனையும் பதிவாகியிருக்கும்!

வீட்டில் நடப்பது என்ன? வந்த அன்றே குளியல். சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொரு தடவல். பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் படம். பயம் கொஞ்சம் தெளிந்ததும் நாய் முதல் முறையாக உறுமி, தள்ளிப் போகச் சொல்கிறது. உடனே ஒரு அடி. உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உறுமினால் நகர்ந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வோம்: பதற்றம் அடங்க, வீட்டு நடைமுறை பிடிபட, இது நம் வீடு என்று நம்ப. தோராயக் கணக்குதான். அடி வாங்கிய நாய்க்கு இன்னும் இழுக்கும்.

அதுவரை நடமாட்டம் குறைந்த ஒரு மூலை, படுக்கை, தண்ணீர் போதும். கட்டிலுக்கு அடியில் படுத்தால் படுக்கட்டும், இழுக்காதீர்கள். விருந்தாளிகள் அப்புறம் வரலாம், குளியலும் அப்புறம் ஆகட்டும். பழைய உணவோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். பேதி என்று வருகிற கேஸ்களில் பலவும் ஒரே நாளில் உணவை மாற்றியவைதான். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதன் மூக்கை அதில் தேய்க்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வாசற்கதவில் மட்டும் கறாராக இருங்கள். இப்போது ஓடிப்போனால் அதற்கு உங்கள் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காது. பயந்த நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும், மார்பைச் சுற்றிக் கட்டும் வாரான ஹார்னஸும் சேர்த்துப் போடுங்கள்.

முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால், எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பிடும். இரண்டாம் நாளும் ஒன்றும் இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை, பேதியில் ரத்தம் என்றால் கூட்டி வாருங்கள். குட்டியாக இருந்தால் அந்த ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.