மேல்சவ்வைக் கிள்ளி எறிந்து தப்பிக்கும் பாக்டீரியா

‘எதிர்ப்பு மரபணு இல்லாத பாக்டீரியாகூட ஆன்ட்டிபயாடிக்கிடமிருந்து தப்பிவிடுகிறதாமே, எப்படி?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வழிகள் பல. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற, கிராம் நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள், நடுவே செல்லுக்கு உறுதி தரும் பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளாலான வலை. இது பள்ளிப்பாடம்தான். வெளிச்சவ்வை அந்த வலையோடு லிப்போபுரதங்கள் (கொழுப்பு ஒட்டிய புரதங்கள்) தைத்து வைத்திருக்கின்றன. தையல் குறைந்த இடத்தில் சவ்வு புடைக்கிறது. மொட்டாக உருண்டு, கழுத்து இறுகி, தனிக் குமிழாகக் கழன்றுகொள்கிறது. குமிழின் குறுக்களவு ஏறத்தாழ 20 முதல் 250 நானோமீட்டர். கழன்ற இடம் உடனே மூடிக்கொள்வதால் செல்லுக்குச் சேதமில்லை.

இனிமேல்தான் அழகு. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸ், தன் இரையை மேற்பரப்பு மூலக்கூறுகளை வைத்தே அடையாளம் காண்கிறது. குமிழின் மேலும் அதே மூலக்கூறுகள்! வைரஸ் அதில் போய் ஒட்டினால் ஒட்டியதுதான், மீள முடியாது. தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தினாலும் அதைப் படியெடுக்க அங்கே செல் இல்லை. பாலிமிக்சின் பி, கொலிஸ்டின் என்ற ஆன்ட்டிபயாடிக் மருந்துகளின் கதையும் இதுவே. அவை வெளிச்சவ்வின் மேலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறைப் பற்றுபவை. குமிழ்களைப் பற்றியே தீர்ந்துபோகின்றன. இம்மருந்துகள் பட்டதும் ஈ.கோலை முன்னிலும் அதிகமாகக் குமிழ் விடுகிறது என்பதைப் படித்தபோது சிலிர்த்துவிட்டது. மூளையற்ற ஓர் உயிர், தன் மேனியையே கிள்ளி வீசி எதிரியைத் திசைதிருப்புகிறது.

சாட்டர்ஜி, தாஸ் என்ற இந்திய ஆய்வாளர்கள் காலரா பாக்டீரியா குமிழ் விடுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு 1967-இல் எழுதினார்கள். குமிழ்களை வெறும் செல் குப்பை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஆனால் நியூசிலாந்தில் 2004-இல் போடத் தொடங்கிய மெனிங்கோகாக்கஸ் பி (மூளையுறைக் காய்ச்சல் உண்டாக்கும் பாக்டீரியா வகை) தடுப்பூசியே இத்தகைய குமிழ்களால் ஆனதுதான். ‘இதனால் என்ன பயன்?’ என்று முதல் நாளே கேட்டு ஆய்வுக்கு நிதியை மறுப்பது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. மொராக்செல்லா கட்டாராலிஸ் என்ற பாக்டீரியா தன் குமிழ்களுக்குள் பீட்டா-லாக்டமேஸ் நொதியை அடைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதி சுற்றிலுமுள்ள அமாக்சிசிலின் என்ற ஆன்ட்டிபயாடிக்கை உடைத்துவிடுகிறது. அதனால், தன்னிடம் அந்த நொதியே இல்லாத நிமோனியா பாக்டீரியாவும் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்தால் பிழைத்துக்கொள்கிறது.