820 மில்லிமீட்டர் என்றால் எத்தனை குடம்?

சித்தி குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருக்கிறார். ஒரே வரிசையில் நான்கு வீடுகள். பின்சுவரிலிருந்து ஆறடி தள்ளி, செங்குத்தாக வெட்டிய மண்மேடு. ஓர் ஐப்பசி மாலை அவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்: "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழைக்கு வாய்ப்பு." படித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இது நமக்கா, ஊட்டிக்கா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செயற்கைக்கோளிலிருந்தும் ரேடாரிலிருந்தும் தகவல் திரட்டி, பெரிய கணினியில் கணக்குப் போட்டு, சென்னையில் தமிழாக்கி, சித்தியின் அடுப்படி வரை அந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்த செய்தி, பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஆறடியைத் தாண்டவில்லை. அன்றைக்கு நானும் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் "நீலகிரி மாவட்டம்". வரைபடத்தில் ஒரே மாவட்டம்தான், ஆனால் மழைக்கு அது இரண்டு ஊர். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கச் சரிவுகளில் மோதி மேலேறும். மேலேறும் காற்று குளிரும், ஈரம் அங்கேயே மழையாகக் கொட்டும். மலையைத் தாண்டி வரும்போது காற்று வற்றியிருக்கும், அதனால் அதே நாளில் குன்னூரில் தூறலோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வரும். அப்போது அடி வாங்குவது குன்னூர், கோத்தகிரி, கேத்திச் சரிவுகள். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மி.மீ. கொட்டியது தென்மேற்குப் பருவத்தில். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது வடகிழக்குப் பருவத்தில். இரண்டுக்கும் "நீலகிரியில் கனமழை" என்ற ஒரே தலைப்பைத்தான் போட முடிகிறது.

சரி, ஊர் ஊராகப் பிரித்துச் சொல்லக் கூடாதா? கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இந்திய வானிலை ஆய்வு மையம் சில வருடங்களாக 12 கிலோமீட்டர் கட்டத்தை வைத்துக் கணித்தது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு வந்திருக்கிறது. இது பெரிய முன்னேற்றம். சமவெளியில் 6 கிலோமீட்டர் என்றால் பக்கத்து ஊர், பெரிய வித்தியாசம் இருக்காது. எங்கள் மலையில் அந்த 6 கிலோமீட்டருக்குள் ஒரு மலைமுகடு, ஒரு பள்ளத்தாக்கு, எதிர்ப்பக்கச் சரிவு எல்லாம் அடங்கிவிடும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண்தான்.

அடுத்தது "ஓரிரு இடங்களில்". கேட்பதற்கு ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது போலிருக்கும். உண்மையில் அது அளந்து வைத்த சொல். ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் பெய்யும் என்று பொருள். அதாவது முக்கால் பங்கு இடங்களில் அந்தக் கனமழை இருக்காது என்பதை அந்த எச்சரிக்கையே சொல்கிறது. ஆனால் அந்த ரகசியம் வானிலைக்காரர்களோடு நின்றுவிட்டது. வெயில் காய்ந்த முக்கால்வாசி ஊர்களும் "அலர்ட் போட்டான், ஒன்னும் பெய்யல" என்றுதான் நினைக்கின்றன. இப்படி நான்கு தடவை ஆனால் 'புலி வருது' கதைதான். ஐந்தாவது தடவை யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. இதில் மக்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. சொல்லப்பட்டது ஒன்று, கேட்கப்பட்டது வேறொன்று.

"வாய்ப்பு" என்ற சொல்லை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கம். தமிழில் வாய்ப்பு நல்லதுக்கு வருகிற சொல். வேலைவாய்ப்பு, படிக்க வாய்ப்பு, பாட வாய்ப்பு. கைநழுவிப் போனால் வருத்தப்படுவோம். மண்சரிவுக்கு வாய்ப்பு என்று எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் பயம் என்பதே இல்லை. தவிர, எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கும் இல்லை. உலகக் காலநிலை அறிக்கைகளில் 'மிகவும் சாத்தியம்' என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். அதே சொல்லைப் பொதுமக்களிடம் காட்டிக் கேட்டபோது அதைவிட வெகுவாகக் குறைத்தே புரிந்துகொண்டார்கள் என்று ஆய்வுகள் காட்டின. சொல்லோடு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது இடைவெளி குறைந்தது. "இப்படி மேகம் கூடும் பத்து நாளில் ஆறு நாள் பெய்யும்" என்று சொன்னால் சித்திக்குப் புரியும். சீட்டுக் கட்டத் தெரிந்த எவருக்கும் புரியும்.

இனி "மிக கனமழை". 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. மில்லிமீட்டர் என்றதும் ஏதோ துளியூண்டு விஷயம் போலத் தோன்றுகிறது. ஆனால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் கணக்குப் போட்டால், மிக கனமழை என்பது சென்ட்டுக்கு ஏறக்குறைய 310 குடத்திலிருந்து 550 குடம் வரை. அவலாஞ்சியின் 820 மி.மீ. சென்ட்டுக்கு 2,200 குடம். ஒரே நாளில், ஒவ்வொரு சென்ட்டிலும். சித்தியிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பின்னாடி மேடு மட்டுமே அஞ்சு சென்ட் வருமே" என்றார். அந்தச் செய்தி பின்சுவரைத் தாண்டியது அப்போதுதான்.

ஆனால் தண்ணீர் விழுவதும் மண் சரிவதும் ஒன்றல்ல. வீடு கட்டும் இடத்தில் குவித்திருக்கும் மணலில் விளையாடியவர்களுக்கு இது தெரியும். காய்ந்த மணல் சறுக்கும். லேசாக நனைந்த மணலில் கோட்டை கட்டலாம். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் கோட்டை கூழாகிவிடும். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால்தான் சரிவு நிற்கிறது. கொஞ்ச ஈரம் அந்தப் பிடியைக் கூட்டும். துகள்களுக்கு இடையிலுள்ள இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால், அந்தத் தண்ணீர் உள்ளிருந்து துகள்களைத் தள்ள ஆரம்பிக்கிறது. எடை கூடுகிறது, பிடி தளர்கிறது. நீலகிரியில் கடும்பாறையின் மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த செம்மண் போர்த்தியிருக்கிறது. மேலிருந்து இறங்கும் தண்ணீர் பாறையில் முட்டி, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே தேங்குகிறது. சாலைக்காகவும் வீட்டுக்காகவும் அடியை வெட்டிய சரிவு, அடைத்துக்கொண்ட காட்டுக் கால்வாய், இவை இருக்கும் இடத்தில் வழுக்க வேறெதுவும் தேவையில்லை.

அதனால் இன்றைய மழையை மட்டும் சொல்வது பாதிக் கதை. பத்து நாள் வெயிலுக்குப் பிறகு வரும் 100 மி.மீ. மழையை மண் குடித்துவிடும். பத்து நாள் அடைமழைக்குப் பிறகு வரும் 100 மி.மீ. மழைக்கு உள்ளே இடமில்லை. போனுக்கு வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அலர்ட் நிறத்தில் இந்த முன்கணக்கு தெரிவதில்லை. நல்ல வேளையாக இந்த இடைவெளியை நிரப்பும் வேலை தொடங்கியிருக்கிறது. இந்திய புவியியல் ஆய்வுத் துறை 2020 முதல் டார்ஜிலிங்குக்கும் நீலகிரிக்கும் சோதனை முறையில் மண்சரிவு முன்னறிவிப்பு வெளியிட்டுவந்தது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மண்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் நீலகிரியும் ஒன்று. மழை எச்சரிக்கைக்கும் மண்சரிவு எச்சரிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஊர் டீக்கடைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்த்தால் மனசு கனக்கிறது. அலர்ட் என்றால் நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவ்வளவுதான் பலருக்கு.

மொழியையும் சொல்ல வேண்டும். இந்த மலையில் படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகள் பேசுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் பணியர் மொழியும் மலையாளமும். அலுவலகத் தமிழ் தமிழர்களுக்கே கடினம். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் சமூக வானொலி 90.4இல் தமிழோடு இந்த மலைமொழிகளிலும் பேசுவதைக் கேட்கலாம். மின்சாரம் போய் செல்போன் கோபுரம் படுத்துவிட்ட இரவிலும் பேட்டரி ரேடியோ பாடும். எச்சரிக்கை தெரிந்த குரலில், வீட்டு மொழியில் வரும்போது ஆட்கள் எழுந்து உட்கார்கிறார்கள்.

"இதெல்லாம் காலநிலை மாற்றத்தால்தானா?" என்று கேட்பார்கள். ஆமாம் இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடக் கூடாத கேள்வி. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். பெய்யும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் சரித்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள், காலநிலை மாற்றம் அந்த ஒருநாள் மழையைச் சுமார் 10 சதவீதம் தீவிரமாக்கியது என்று கணித்தார்கள். பத்துதானே என்று தோன்றலாம். ஏற்கெனவே தளும்பி நிற்கும் அண்டாவில் கடைசியாக ஊற்றும் சொம்பும் அளவில் சிறியதுதான். அதற்காகச் சரிவை வெட்டியவர்களையும் ஓடையை மூடியவர்களையும் காலநிலை மாற்றம் காப்பாற்றிவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

அதே வயநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. கல்பெட்டாவிலுள்ள ஹியூம் மையம் மாவட்டம் முழுக்க ஏறத்தாழ 200 இடங்களில் மழைமானி வைத்து, ஊர்க்காரர்களே அளந்து சொல்லும்படி செய்திருந்தது. பேரிடருக்கு முந்தைய நாளே அந்த அளவுகளைப் பார்த்து அபாயம் என்று தெரிவித்தது. பெரிய கணினியின் கட்டத்துக்குள் அகப்படாத மழை, முற்றத்து மானியில் அகப்படுகிறது.

மழைமானி ஒன்றும் பெரிய கருவி இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டப்பா போதும். டப்பா அகலமா குறுகலா என்பது பொருட்டே இல்லை. அகலமான வாயில் அதிகத் தண்ணீர் விழும், ஆனால் அது அகலமாகவே பரவி நிற்பதால் உயரம் ஒன்றுதான். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலால் உயரத்தை அளந்து, கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எட்டரை ஏன் என்றால் வானிலை மையமும் அப்போதுதான் அளக்கிறது, ஒப்பிட வசதி.

எத்தனை மில்லிமீட்டரில் பயப்பட வேண்டும் என்று சித்தி கேட்டார். எல்லாச் சரிவுக்கும் பொதுவாக ஓர் எண் கிடையாது. விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள் என்றால், மண் சரிந்த நாட்களின் மழையையும், அதற்கு முந்தைய நாட்களின் கூட்டுத்தொகையையும், நிறையப் பெய்தும் சரியாத நாட்களோடு பக்கத்தில் வைத்து, எந்த அளவுக்கு மேல் சரிகிறது என்று கோடு போடுகிறார்கள். இதற்குத் தேவை பல வருடத்துத் தினசரிக் கணக்கு. நீலகிரியின் பழைய எஸ்டேட் அலுவலகங்களில் அந்தக் கணக்கு நோட்டு நோட்டாக இருக்கிறது, பெரும்பாலும் இஞ்ச் கணக்கில். 1978, 1993, 2009 நவம்பர்ப் பக்கங்களைத் திறந்து, எந்தச் சரிவு என்றைக்கு விழுந்தது என்று ஞாபகம் வைத்திருக்கும் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தால், ஒவ்வொரு சரிவுக்கும் அதனதன் கோடு கிடைக்கும்.

கோடு கிடைக்கும் வரை, மண் காட்டும் அடையாளங்களை எழுதிக் கொடுத்தேன்: மேட்டில் புது விரிசல், சாய்ந்த கம்பம் அல்லது மரம், திடீரென்று இறுக்கிக்கொள்ளும் கதவு, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது, ஓடும் ஓடை மழையிலும் நின்றுபோவது. இதில் ஒன்றைக் கண்டாலும் அலர்ட்டுக்குக் காத்திருக்காமல் வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்குச் சொல்ல வேண்டும்.

சித்தி வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கு எழுதும் கட்டங்களில் இப்போது இரண்டு எண்கள். மேலே அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று நீல மையில். கீழே சிவப்பில் 12, 0, 47, 63. நேற்று போன் செய்தபோது, பக்கத்து லயனில் இருக்கும் அக்காவும் ஒரு டப்பா வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அவளுக்கு 70 வந்திருக்கு தம்பி. எனக்கு 63தான். நடுவுல ஒரு ஓடைதான் இருக்கு."