நாயோடு வருபவருக்கு ஒரு தாழ்வாரம்

இரவு பத்து மணிக்கு மேல் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்து பாருங்கள், அல்லது காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே. ஷட்டர் இறக்கிய கடை வாசல்களில் அட்டை விரித்துப் படுத்திருப்பவர்களில் சிலரது காலடியில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். பொதுக் கட்டடங்களை வடிவமைப்பது என் தொழில். வீடற்றோர் தங்குமிடம் ஒன்றைச் சீரமைக்கும் வேலைக்காக இவர்களிடம் பேசினேன். தங்குமிடம் இருப்பது தெரிந்தும் ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு ஒரு அம்மா சொன்னார்: "நாய வெளிய வுட்டுட்டு நான் மட்டும் உள்ள போயி படுத்துக்கணுமா சார்? ராத்திரில எவன் கிட்ட வந்தாலும் கத்துறது அதுதான்."

தெருவில் தனியாகத் தூங்கும் பெண்ணுக்கு அந்த நாய்தான் காவல். நாய்க்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதி வைத்தால் திரும்பிப் போவது அந்த அம்மாவும்தான். உள்ளே கட்டில் காலியாக இருக்க, அவர் மழையில் நனைகிறார். இதற்காகவா பொதுப்பணத்தில் கட்டுகிறோம்?

இடமில்லை என்பதே நான் அடிக்கடி கேட்கும் பதில். மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்கள் தங்குமிடத்தில் ஆளுக்குச் சுமார் 50 சதுர அடி கேட்டன. நம்மூர் நாட்டு நாய் படுத்துப் புரள மூன்றடிக்கு நான்கடி போதும். ஐம்பது பேர் தங்கும் கட்டடத்தில் ஆறு நாய்களுக்கு 72 சதுர அடி; ஒன்றரை ஆளின் இடம். இதைக் கட்டடத்துக்கு உள்ளே குடைய வேண்டியதில்லை. வடக்குப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தாழ்வாரம் இறக்கினால் போதும்.

ஆனால் அந்தத் தாழ்வாரத்தைத் தகரத்தில் போடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் கட்டிப்போட்டால் பகல் தாண்டுவதற்குள் செத்துவிடும். மேலே ஓடு வேயலாம், கான்கிரீட் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். தரை வழுக்காத சிமெண்ட் தரையாக, வெளிப்பக்கம் சரிந்து, ஓரத்தில் திறந்த வடிகாலோடு இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீர் வழியாகப் பரவும் என்பதால் அந்தத் தண்ணீர் ஆட்கள் நடக்கும் பக்கம் வரவே கூடாது. பினாயில் போட்டுக் கழுவினால் நல்ல தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த பிறகே நாயை விட வேண்டும். அது பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பார்வை. நாயை ஒரு மூலையிலும் ஆளை இன்னொரு மூலையிலும் வைத்தால் இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள். நாய் விடியவிடியக் குரைக்கும், மற்றவர்கள் எரிச்சலடைவார்கள், மறுநாள் 'நாய்க்கு அனுமதி இல்லை' பலகை திரும்ப வந்துவிடும். அதனால் நாயோடு வருபவரின் கட்டிலைத் தாழ்வாரத்தை ஒட்டிய ஜன்னலோரம் போட வேண்டும். படுத்தபடியே தெரியுமளவுக்கு ஜன்னல் தாழ்வாக இறங்க வேண்டும். இரண்டு நாய்களுக்கு நடுவே மூன்றடிச் சுவர் எழுப்பினால் ஒன்றையொன்று முறைக்காது. இவர்கள் வந்து போகத் தனிப் பக்கவாசல் வைத்தால் நாயைக் கண்டு பயப்படுபவர்களுக்கும் தொல்லையில்லை.

அந்தப் பயம் நியாயமானது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் தடுப்பூசி போட்ட நாய் உள்ளே இருப்பதைவிட, போடாத நாய் வாசலில் திரிவதுதான் ஆபத்து. வரும் நாய்க்கு முதல் வேலையாகத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும், பிறகு கருத்தடை. முதல் ஊசிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை புதிய நாயைத் தாழ்வாரக் கோடியில் தனியாக வைக்கலாம்.

கழுத்துப்பட்டையும் தடுப்பூசி அட்டையும் இப்போது இன்னும் அவசரம். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், மருத்துவமனை வளாகங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. வீடற்றவர்கள் படுப்பது பெரும்பாலும் இதே இடங்களில்தான். பட்டையில்லாத நாயை வண்டியில் ஏற்றினால், அது ஒருவருடையது என்று யார் போய்ச் சொல்வது? அட்டையில் முகவரி எழுதும் இடத்தில் தங்குமிடத்தின் முகவரியே இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்பேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் நாலு நாள் சேரச் சொன்னால், நாயை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தே சேராமல் திரும்பிவிடுபவர்கள் உண்டு. அந்த நாட்களுக்கு நாயை வைத்துக்கொண்டு சோறு போடும் பொறுப்பையும் தங்குமிடமே ஏற்க வேண்டும். காச நோய்க்கு மருந்து எடுப்பவர் பாதியில் நிறுத்தினால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். நாய்ச்சோறு அவரது மருத்துவச் செலவில் ஒரு பங்கு என்றே நான் கணக்குப் போடுவேன்.

வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. லண்டனில் 2016இல் தொடங்கிய ஸ்ட்ரீட்வெட் அமைப்பின் கால்நடை மருத்துவர்கள் தெருவுக்கே போய் இலவசமாகச் சிகிச்சை தருகிறார்கள். கலிஃபோர்னியா மாநிலம் 2019இல், செல்லப்பிராணிகளோடு வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் தங்குமிடங்களுக்கென்றே நிதி ஒதுக்கியது. நமக்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை. அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மருத்துவர் வந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தங்குமிடம் கட்டவோ பழுதுபார்க்கவோ கோப்பு நகர்த்தும் மாநகராட்சி அலுவலர்களும் வார்டு கவுன்சிலர்களும் டெண்டர் போகும் முன்பே தாழ்வாரம், வடிகால், பக்கவாசல், தாழ்ந்த ஜன்னல் நான்கையும் வரைபடத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். சுவர் எழுந்த பிறகு கேட்டால், திருத்திய மதிப்பீட்டுக்கு அனுமதி வருவதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விடும்.